முட்டு எத்தனை நாள் நிற்கும்?

வீடு கட்டப்போகிறவர்கள் என்னைப் பார்க்க வந்தால் முதலில் கேட்பது சதுர அடி ரேட். அப்புறம் கம்பி எந்தக் கம்பெனி, வாசக்கால் தேக்கா வேம்பா, தை மாதத்துக்குள் கிரகப்பிரவேசம் வைத்துவிடலாமா. ஆயுள் முழுக்கச் சேர்த்ததையும் வங்கிக் கடனையும் கொட்டுகிறவர்கள் இதையெல்லாம் கேட்கத்தான் வேண்டும். ஆனால் சாரம் யார் கட்டுகிறார், ரூஃப் போட்டபின் அதைத் தாங்கும் முட்டு எத்தனை நாள் நிற்கும், சம்ப்புக்குள், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டிக்குள், இறங்கிப் பலகை பிரிக்கிறவருக்கு உள்ளே காற்று இருக்குமா என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. இந்தக் கேள்விகளையும் கேளுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சைட் இன்ஜினியர். திருச்சியைச் சுற்றி, பெரும்பாலும் தனி வீடுகள். தரைத்தளம், மேலே ஒன்றோ இரண்டோ மாடி. சாதாரண நாளில் ஆறேழு பேர் வேலை செய்வார்கள். ரூஃப் கான்கிரீட் அன்று மட்டும் கூட்டம் சேரும். பெரிய சைட்டுகளில் பாதுகாப்பு அதிகாரி இருப்பார், பதிவேடு இருக்கும், காலையில் வேலை தொடங்குமுன் எல்லோரையும் நிறுத்திப் பேசுவார்கள். எங்கள் அளவு வேலைக்கு அதெல்லாம் வருவதில்லை. சட்டமும் எட்டிப்பார்ப்பதில்லை. 1996-ல் வந்த கட்டுமானத் தொழிலாளர் சட்டம், பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களையும், சொந்தக் குடியிருப்புக்காக 10 லட்சம் ரூபாய்க்குள் கட்டும் வீடுகளையும் வெளியே விட்டது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய தொகுப்புச் சட்டம் அந்த 10 லட்சத்தை 50 லட்சமாக்கியது. எங்கள் பக்கம் நடுத்தரக் குடும்பம் கட்டுகிற வீடுகளில் பாதிக்கு மேல் அந்தத் தொகைக்குள் அடங்கிவிடும். ஆக, இந்த வீடுகளில் வேலை செய்கிறவர்களின் உயிருக்குப் பொறுப்பு வீட்டுக்காரர், இன்ஜினியர், மேஸ்திரி என்ற மூன்று பேர்தான். நாலாவதாக ஒருவர் வந்து பார்க்கப் போவதில்லை.

இத்தனை வருட வேலையில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்று உண்டு. சைட்டில் ஒருவர் விழுந்தாலோ நசுங்கினாலோ, அதற்கான காரணம் அன்று காலையில் உண்டானதாக இருக்காது. ரேட் பேசின அன்று, டிராயிங் போட்ட அன்று, ரூஃப்புக்கு நாள் குறித்த அன்று அது தீர்மானமாகிவிடுகிறது. தொழிலாளி பலகையில் கால் வைக்கும்போது மிச்சம் இருப்பது ஹெல்மெட்டும் பெல்ட்டும் மட்டும்தான்.

மௌலிவாக்கத்தை நினைத்துப் பாருங்கள். 2014 ஜூன் 28, சனிக்கிழமை, மழை. சென்னை போரூர் பக்கம் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் குடியிருப்பு ஒன்று அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஆந்திராவின் ஸ்ரீகாகுளம், விஜயநகரம் பக்கமிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். விசாரித்த நீதிபதி ரெகுபதி ஆணையம் கட்டடத்தின் வடிவமைப்பிலேயே கோளாறு இருந்ததைச் சொன்னது. பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த 61 பேரும் ஹெல்மெட், ஷூ, பெல்ட் எல்லாம் ஒழுங்காக மாட்டியிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்? அவர்களுடைய ஆபத்து, காலம் என்று நாங்கள் சொல்லும் தூண்களின் அளவிலும் மண் பரிசோதனையிலும் இருந்தது. அதைப் பார்த்திருக்க வேண்டியவர்கள் மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள்.

பெரிய சைட்டுகளில் ஆபத்தைக் கணக்கிட ஒரு கட்டம் போட்ட தாள் வைத்திருப்பார்கள். நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண், நடந்தால் எவ்வளவு சேதம் என்று இன்னோர் எண், இரண்டையும் பெருக்கி வருகிற தொகைக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு. யோசிக்கவைக்கிற வரையில் நல்ல பழக்கம். ஆனால் அந்தப் பெருக்கலை நான் நம்புவதில்லை. உயிர் போகும் என்றால் சேதம் ஐந்து. 'இங்கே அப்படி நடந்ததே இல்லையே' என்று வாய்ப்புக்கு ஒன்று போட்டால் விடை ஐந்து, பச்சை. செங்கல் கைதவறிக் காலில் விழுவதற்குச் சேதம் இரண்டு, வாய்ப்பு நான்கு. விடை எட்டு, மஞ்சள். தாளை நம்பினால் கால்விரலுக்குத்தான் முதல் கவனம் போகும். என் பழக்கம் வேறு. ஆளைக் கொல்லக்கூடிய வேலைகளைத் தனியே எடுத்து வைத்துவிடுவேன். அவற்றுக்கு வாய்ப்பு எவ்வளவு என்ற பேச்சே கிடையாது. அந்த வழியை அடைத்துவிட்டுத்தான் வேலை. தனி வீட்டில் இப்படிப்பட்டவை ஐந்தாறுக்கு மேல் வராது. வானம் (அஸ்திவாரத்துக்குத் தோண்டும் குழி), சென்ட்ரிங் (கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கும் பலகையும் முட்டும்), ஓரத்திலிருந்து விழுவது, சம்ப்பும் செப்டிக் டேங்கும், கரண்ட், வெயில். ஒவ்வொன்றும் எப்போது வரும் என்பது வேலை தொடங்குமுன்பே தெரியும்.

முந்தின நாள் சாயங்காலம், ஆட்கள் கை கால் கழுவுகிற நேரத்தில், மேஸ்திரியோடு சைட்டைச் சுற்றி வருவேன். நாளைக்கு என்ன வேலை, யார் எங்கே நிற்பார்கள், அவர்கள் தலைக்கு மேலே என்ன, காலுக்குக் கீழே என்ன. அவ்வளவுதான் கேள்வி. சித்தாள் வேலை செய்கிற அக்காக்களையும் கேட்பேன், ஏனென்றால் நாள் முழுக்க நடப்பவர்கள் அவர்கள்தான். எந்தப் படி ஆடுகிறது, எந்தப் பலகை வழுக்குகிறது என்று அவர்களுடைய பாதத்துக்குத் தெரியும். "அந்த மூலைல பலக தூக்குது சார், போகயில வரயில ஒரு மாதிரி இருக்கு" என்று ஒருவர் சொல்வதற்கு ஈடான தகவல் எந்தத் தாளிலும் கிடைக்காது. ஆனால் கேட்டால்தான் சொல்வார்கள். சொன்னால் மறுநாள் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள் என்ற பயம் அவர்களுக்கு உண்டு. அதனால் சொன்னவர் கண்ணெதிரே உடனே சரிசெய்வது முக்கியம்.

சென்ட்ரிங் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆயிரம் சதுர அடி ரூஃப், ஐந்து அங்குல கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் மட்டும் ஏறத்தாழ 29 டன். அதற்கு மேல் ஆட்கள், வைப்ரேட்டர், ஓரிடத்தில் கொட்டிக் குவிக்கிற கலவை. இவ்வளவு எடையையும் முட்டுகள் தாங்குகின்றன. முட்டுகளை நிரப்பு மண் தாங்குகிறது. அந்த மண் சரியாகத் தண்ணீர் விட்டு இடிக்கப்பட்டதா என்பதில்தான் மேலே நிற்கிறவர்கள் உயிர் இருக்கிறது. முதல் நாள் மழை பெய்திருந்தால் முட்டின் அடி ஊறிப்போய் இறங்கும். ஒவ்வொரு முட்டுக்கும் அடிப்பலகை வேண்டும். செங்கல் துண்டை வைத்து உயரம் சரிக்கட்டுவது கூடாது. சவுக்கு முட்டு நீளம் பற்றவில்லை என்று இரண்டு துண்டை ஆணியடித்து ஒட்டவைத்தால் அது எடை ஏறியதும் ஒட்டின இடத்தில் வளையும். முட்டுக்கு முட்டு குறுக்குக் கட்டை அடிக்காமல் விட்டால் ஒன்று சாயும்போது பக்கத்திலிருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். கான்கிரீட் போட்டுக்கொண்டிருக்கும்போது அடியில் நின்று முட்டைத் தட்டிப் பார்க்க ஒருவரை அனுப்புகிற வழக்கம் பல இடங்களில் உண்டு. என் சைட்டில் அதைச் செய்யவிடமாட்டேன். தட்டிப் பார்ப்பது, இறுக்குவது எல்லாம் முந்தின நாளே முடிய வேண்டும். அன்றைக்கு வெளியே நின்று பார்க்கலாம். கீழே ஆள் போகக்கூடாது.

அடுத்து பிரிப்பது. இந்தியத் தர நிர்ணயக் கழகத்தின் ஐ.எஸ். 456 இதற்கு நாள் சொல்லியிருக்கிறது. தாங்கலுக்குத் தாங்கல் 4.5 மீட்டருக்குள், அதாவது ஏறத்தாழ 15 அடிக்குள் இருக்கிற தளத்துக்கு முட்டு 7 நாள். அதற்கு மேல் 14 நாள். பீம் 6 மீட்டருக்குள் என்றால் 14 நாள், மேலே போனால் 21 நாள். இதுவும் சாதாரண ஓ.பி.சி. சிமென்டுக்கான கணக்கு. இப்போது வீட்டு வேலைக்குப் பெரும்பாலும் வருவது சாம்பல் கலந்த பி.பி.சி. அது மெதுவாக இறுகும், கூடுதல் நாள் கேட்கும். இது தெரியாத சென்ட்ரிங்காரர் கிடையாது. "தெரியாமயா தம்பி பிரிக்கிறேன்? பலகைக்கு நாள் வாடகை ஓடுது. அடுத்த சைட்டுல கம்பி வந்து கெடக்கு" என்று என்னிடம் ஒரு சென்ட்ரிங் அண்ணன் சொன்னார். அவர் சொன்னது முழு உண்மை. சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரே ரேட்டாகப் பேசிவிட்டால், முட்டு நிற்கிற ஒவ்வொரு கூடுதல் நாளும் அவர் கையைக் கடிக்கும். அதனால் இப்போது நான் ரேட் பேசும்போதே 'தளத்துக்கு இத்தனை நாள், பீமுக்கு இத்தனை நாள், அதற்கான வாடகை சேர்த்து' என்று பேசிவிடுகிறேன். வீட்டுக்காரருக்குச் சில ஆயிரம் கூடும். அந்தச் சில ஆயிரத்தில் ஓர் ஆபத்து அடியோடு போய்விடுகிறது. மறுபடி மறுபடி கண்டித்துச் சொல்கிற வேலையும் மிச்சம்.

விழுவது. சைட்டில் சாவு என்றதும் எல்லோருக்கும் பத்தாவது மாடிதான் மனதில் வரும். பத்தடி போதும். பத்தடியிலிருந்து விழுகிறவர் தரையைத் தொடும்போது மணிக்கு சுமார் 28 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பார். விழ ஆகிற நேரம் ஒரு நொடிகூடக் கிடையாது. கீழே செங்கல் குவியல், நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி. எங்கள் பக்கம் சாரம் இன்னும் பெரும்பாலும் சவுக்குக் கம்பும் கயிறும்தான். நன்றாகக் கட்டினால் அது நம்பக்கூடியதே. தலைமுறையாகக் கட்டுகிறவர்களின் முடிச்சு அவிழ்ந்து நான் பார்த்ததில்லை. ஆனால் மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் கிடந்த கயிறு இற்றுப்போகும். பூச்சு வேலைக்கென்று கட்டினதையே பெயின்டிங் வரைக்கும் விட்டுவைப்பார்கள். இடையில் ஜன்னல் மாட்டுகிறவர் தனக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று ஒரு குறுக்குக் கம்பை அறுத்துவிட்டுப் போயிருப்பார். அடுத்து ஏறுகிறவருக்கு அது தெரியாது. சாரத்தைக் கட்டுகிறவர்தான் மாற்றவும் பிரிக்கவும் வேண்டும், வேறு யாரும் கை வைக்கக்கூடாது என்ற ஒரு விதி இருந்தாலே பாதி விபத்து குறையும் என்பது என் அனுபவம். மழை பெய்த மறுநாள் அவரை வரச்சொல்லி ஒரு சுற்று பார்க்கவைக்க வேண்டும். அந்த அரைநாள் கூலி யார் கொடுப்பது என்பதையும் முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும்.

பெல்ட் வாங்கிக் கொடுத்துவிட்டேன், இனிக் கவலையில்லை என்று நினைக்கிற வீட்டுக்காரர்களுக்கு ஒரு கணக்கு. சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் பெல்ட்டின் கயிறு 1.8 மீட்டர். அதிர்ச்சியைத் தாங்கும் மடிப்பு பிரிந்தால் இன்னும் ஒன்றே முக்கால் மீட்டர் வரை நீளும். பெல்ட்டில் கயிறு சேரும் இடத்திலிருந்து ஆளின் பாதம் வரை ஒன்றரை மீட்டர். தரைக்கு மேலே ஒரு மீட்டராவது மிச்சம் வேண்டும். கூட்டினால் 6 மீட்டர், இருபது அடி. காலடியில் கொக்கியை மாட்டியிருந்தால் இன்னும் மோசம். முதல் மாடிச் சாரத்தில் பன்னிரண்டு அடி உயரத்தில் நிற்கிறவர் இந்தப் பெல்ட்டோடு விழுந்தால், கயிறு அவரை முழுதாக நிறுத்துமுன் தரை வந்துவிடலாம். அதையும் அவர் மாட்டியிருப்பது சவுக்குக் கம்பில். சாரம் சரிந்தால் இரண்டும் சேர்ந்தே வரும். பெல்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தளத்தின் நடுவில் காலம் கம்பியோடு உறுதியாகக் கட்டிய குட்டைக் கயிறு, ஓரத்துக்கே போகமுடியாத நீளத்தில் இருந்தால், அது உண்மையான காவல். அதைவிட நல்லது ஓரத்தையே அடைப்பது. ரூஃப் ஷட்டரிங் அடிக்கும்போதே ஓரக் காலம் கம்பிகளுக்கு இடையில் இடுப்பு உயரத்துக்கும் முழங்கால் உயரத்துக்கும் இரண்டு வரிசை சவுக்குக் கம்பைக் கட்டிவிடச் சொல்வேன். கைப்பிடிச் சுவர் எழும்பும்வரை அது அங்கேயே இருக்கும். படிக்கட்டுக்கும் அப்படியே. டக்ட் ஓட்டைகளுக்கு, கான்கிரீட் போடும்போதே கம்பி வலையை ஓட்டையின் குறுக்கே ஓடவிட்டால் பின்னால் பைப் வரும்போது அறுத்துக்கொள்ளலாம். சும்மா ஒரு பலகையை எடுத்து மூடினால், யாராவது அந்தப் பலகை தேவைப்பட்டுத் தூக்குவார்கள். தூக்கிக்கொண்டு முன்னால் ஓர் அடி வைப்பார்கள்.

இனி நான் மிகவும் பயப்படுவது. சம்ப், செப்டிக் டேங்க். பழைய செப்டிக் டேங்கில் விஷவாயு இருக்கும் என்று இன்று எல்லோருக்கும் தெரியும். ஒரு சொட்டு கழிவும் விழாத புத்தம்புது டேங்கிலும் ஆள் சாவார் என்பது பலருக்குத் தெரியாது. மூடி கான்கிரீட் போட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து உள்ளே இருக்கிற சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க ஒருவர் இறங்குகிறார். உள்ளே ஈரம், தேங்கின தண்ணீர், ஊறின மரப்பலகை. அதில் வளரும் பூஞ்சையும் நுண்ணுயிர்களும் அடைபட்ட இடத்தின் ஆக்ஸிஜனைத் தின்றுவிடுகின்றன. வெளியே காற்றில் 20.9 சதவீதம் இருப்பது, 19.5-க்குக் கீழே போனாலே ஆபத்துக் கணக்கில் வரும். 10-க்குக் கீழே மயக்கம். ஆறு சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்தால் சில நிமிடங்கள்தான். நாற்றம் வராது. கண் எரியாது. மூச்சுத்திணறுகிறதே என்று உணர்ந்து மேலே ஏறக் கை வைக்குமுன் காலில் வலு போய்விடும்.

அப்புறம் நடப்பதுதான் கொடுமை. மேலே நிற்கிற தம்பியோ மாமனோ, 'விழுந்துட்டான்' என்று பதறி உடனே குதிப்பார். அவரைத் தூக்க இன்னொருவர். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1986-லேயே எச்சரித்தது: இப்படி அடைபட்ட இடங்களில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் காப்பாற்றப் போனவர்கள். நம் ஊர்ச் செய்திகளில் ஒரே குழியில் அண்ணன், தம்பி, வீட்டுக்காரர் என்று வருவது இதனால்தான். பாசத்தில் குதிக்கிறவரை அந்த நேரத்தில் யாராலும் நிறுத்த முடியாது. அதற்கு முன்பே ஏற்பாடு இருக்க வேண்டும்.

இதில் முழுத் தீர்வு ஒன்று இருக்கிறது. உள்ளே சென்ட்ரிங்கே வேண்டாம். மூடியைத் தரையில் வைத்துத் துண்டு துண்டாகக் கான்கிரீட் பலகைகளாக வார்த்து, இறுகினபின் தூக்கிச் சுவர்மேல் அடுக்கி, இணைப்பைக் கலவையால் பூசிவிட்டால் யாரும் உள்ளே இறங்கிப் பிரிக்க வேண்டியதில்லை. டிராயிங் போடும்போது இதை முடிவுசெய்வதற்கு ஒரு பைசா செலவில்லை. சின்ன டேங்க் என்றால் ரெடிமேடாகக் கிடைப்பதை இறக்கிவிடலாம். அப்படியும் உள்ளே இறங்கியே ஆகவேண்டும் என்றால், எதிரெதிர் மூலையில் இரண்டு திறப்பு வைத்திருக்க வேண்டும். இரண்டையும் முந்தின நாளே திறந்துபோட்டு, தண்ணீரை வெளியே நின்று மோட்டாரால் இறைத்து, புளோயரின் குழாயை அடிவரைக்கும் விட்டுக் காற்றடிக்க வேண்டும். ஆள் உள்ளே இருக்கும்வரை அது நிற்கக்கூடாது. வாயு அளக்கும் மீட்டர் வாடகைக்குக் கிடைத்தால் அதை இறக்கிப் பார்த்தபின்தான் ஆள். மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்க்கிற பழைய முறை வேண்டாம். பழைய டேங்காக இருந்தால் வாயு பற்றிக்கொள்ளும். இறங்குகிறவருக்கு மார்பில் பெல்ட், அதில் கயிறு, கயிற்றின் முனை மேலே இரண்டு பேர் கையில். அந்த இரண்டு பேரிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: "என்ன ஆனாலும் இழுக்கணும். இறங்கக் கூடாது."

கரண்ட் விஷயத்தில் இரண்டு இடம். ஒன்று வீட்டுக்கு முன்னால் போகிற இ.பி. லைன். 11 கிலோவோல்ட் லைனுக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேல்நோக்கி 3.7 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. அது கட்டி முடித்து அசையாமல் நிற்கிற சுவருக்கான அளவு. 40 அடிக் கம்பியைத் தோளில் வைத்துத் திரும்புகிற ஆளுக்கு அந்த இடைவெளி எந்தக் காவலும் தராது. கம்பியை மாடிக்கு ஏற்றும்போதுதான் சாவு நடக்கிறது. நான் கம்பியைக் கீழேயே அளவுக்கு வெட்டி, வளைத்து, லைன் இல்லாத பக்கமாக ஏற்றச் சொல்வேன். வேறு பக்கமே இல்லாத ஒடுக்கமான மனை என்றால் மின்வாரியத்தில் எழுதிக்கொடுத்து அந்த மணிநேரத்துக்கு லைனை நிறுத்தித்தான் ஏற்ற வேண்டும். லைன்மேனிடம் வாய்ச்சொல்லாகக் கேட்டுக்கொண்டு ஏற்றுவது கூடாது. எப்போது திரும்ப வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இன்னொன்று தற்காலிக இணைப்பு. ஈரத்தரையில் கிடக்கும் ஒட்டுப்போட்ட வயர், பிளக் இல்லாமல் சொருகின முனை, அதில் ஓடுகிற கட்டிங் மெஷின். 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பலகையில் மாட்டினால் கசிவு வந்த கணமே துண்டித்துவிடும். வீடு முடிந்ததும் அதே சுவிட்சை வீட்டுக்கே மாட்டிக்கொள்ளலாம். இதை வாங்கித்தர மறுக்கிற வீட்டில் நான் வேலை தொடங்குவதில்லை.

வானம் தோண்டுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும், அல்லது பலகை வைத்து முட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் கனக்கும். மார்புவரை புதைந்தவருக்கு மூக்கு வெளியே இருந்தாலும் நெஞ்சை விரித்து மூச்சிழுக்க முடியாது. தோண்டின மண்ணை ஓரத்திலேயே கொட்டாதீர்கள். எங்கள் ஊர் மனைகளில் மண்ணை விலக்கிப் போட இடம் இருக்காது. லாரியில் ஏற்றி வெளியே அனுப்பிவிட்டு, தேவைப்படும்போது திரும்பக் கொண்டுவருவதற்கான செலவை எஸ்டிமேட்டிலேயே போட வேண்டும். பக்கத்து வீட்டுக் காம்பவுண்ட் சுவரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அஸ்திவாரம் ஆழமில்லாத பழைய சுவர், அதன் அடியை ஒட்டி நாம் தோண்டினால் நம் குழிக்குள்தான் விழும்.

வெயில் ஆளைக் கொல்கிற ஆபத்துகளில் ஒன்று என்று சொன்னால் மேஸ்திரிகளே ஒத்துக்கொள்ளத் தயங்குகிறார்கள். 2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதே வருடம் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள், தமிழ்நாட்டில் வேலை செய்யும் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்து, கடும் வெப்பத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கருக்கலைவு போன்ற பாதிப்புகள் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று வெளியிட்டார்கள். நம் சைட்டில் கலவைச் சட்டி சுமக்கிற அக்காக்களை மனதில் வைத்து இதைப் படிக்க வேண்டும். தண்ணீர் குடிங்க என்று சொன்னால் மட்டும் போதாது. அவர்கள் ஏன் குடிப்பதில்லை என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். "குடிச்சா எங்க போறது சார்?" அவ்வளவுதான் பதில். காலையில் வீட்டில் போனால் சாயங்காலம்தான் அடுத்தது. சித்திரை வெயிலில் நாள் முழுக்கத் தாகத்தை அடக்கிக்கொண்டு முப்பது கிலோ தூக்குகிற உடம்புக்கு என்ன ஆகும்? நாலு தகரம், ஒரு கதவு, உள்ளே தாழ்ப்பாள், ஒரு வாளி. வேலையின் முதல் நாளே இதைப் போடச் சொல்கிறேன். மாதிரிப் படத்துக்கும் வாஸ்துவுக்கும் செலவழிக்கிற குடும்பங்கள் இதைக் கேட்டதும் 'அதுக்கெல்லாம் ஏங்க' என்று இழுக்கும்போது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. கோடையில் காலை ஆறரைக்குத் தொடங்கி, பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை நிழலிலோ உள்வேலையிலோ வைத்தால் வேலையும் ஒன்றும் குறைவதில்லை.

இன்று எங்கள் சைட்டுகளிலும் பாதிப் பேர் பீகார், வங்காளம், ஒடிசா, அசாம் தம்பிகள். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் உயரத்திலிருந்து சாரம் சரிந்து இறந்த 9 பேரும் வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்கள். நம் மேஸ்திரி தமிழில் 'ஏய், அங்க போகாதே' என்று கத்துவது அவர்களுக்குச் சத்தமாக மட்டும் கேட்கும். சைட்டில் எல்லோருக்கும் பொதுவாக நில், விலகு, கரண்ட் இருக்கு, மேலே ஆள் இருக்கு என்ற நான்குக்கு மட்டுமாவது ஒரே சொல்லையும் கைச்சைகையையும் வைத்துக்கொள்வது நல்லது. நாங்கள் அவர்களிடமே கேட்டு, அவர்கள் வாயில் வருகிற சொல்லை மேஸ்திரிக்குப் பழக்கினோம். புதிதாக வந்தவரை முதல் வாரம் உயர வேலைக்கு ஏற்றாமல் கீழேயே வைத்துக்கொள்வதும் பலன் தருகிறது.

எல்லாம் செய்தும் ஏதாவது நடந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே யோசித்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994-லிருந்து இருக்கிறது. உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர்களின் அட்டை உயிரோடு இருக்கிறதா, புதுப்பித்தார்களா என்று கேளுங்கள்; இல்லையென்றால் ஒரு நாள் லீவு கொடுத்துப் பதிய அனுப்புங்கள். 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் வகுத்த கணக்கு ஒன்று உண்டு: மாதச் சம்பளத்தில் பாதி, வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்கினது. சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய் என்று வைத்து, 30 வயதில் ஒருவர் வேலையில் இறந்தால் 15.6 லட்சம் வரும். சிறு கான்ட்ராக்டர் யாரிடமும் அந்தப் பணம் கையில் இருக்காது. அதனால்தான் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி. ஒரு வீட்டு வேலைக் காலத்துக்கு அதன் பிரீமியம், தரைக்குப் போடுகிற டைல்ஸில் ஓர் அறைக்கு ஆகிற செலவுக்குள் முடிந்துவிடக்கூடியது.

கடைசியாக, ஒப்பந்தம் எழுதப்போகிறவர்களுக்கு. சதுர அடி ரேட்டுக்குக் கீழே இந்த வரிகளையும் எழுதச் சொல்லுங்கள். தளத்துக்கும் பீமுக்கும் முட்டு நிற்கும் நாட்கள், வாடகை உட்பட. சாரம் கட்டுகிறவர் மழைக்குப் பின்னும் மாதம் ஒருமுறையும் வந்து பார்ப்பதற்கான கூலி. தள ஓரத்துக்கும் படிக்கட்டுக்கும் தற்காலிகக் கைப்பிடி. சம்ப் மூடிக்குத் தரையில் வார்த்த பலகைகள். ஆர்.சி.சி.பி., கழிப்பறைத் தகரம், பாலிசி. எங்கள் பக்கம் இவற்றைச் சேர்த்து எஸ்டிமேட் கொடுத்தால் ரேட் கொஞ்சம் ஏறும். குறைந்த ரேட் சொன்ன இன்னொருவரிடம் வேலையைக் கொடுக்க நினைத்தால், அவர் இவற்றில் எதை விட்டிருக்கிறார் என்று ஒருமுறை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.